கழித்த கணினியும் கடல் கடக்கும் சைகையும்

ஒரு கருவி கழிக்கப்படுவதற்குக் காரணங்கள் இரண்டு. தனக்குரிய தொழிலைச் செய்யும் ஆற்றலை அக்கருவி இழந்துவிடுதல் ஒன்று. அதன் ஆற்றல் குறையாதிருக்கவும், அதனிடம் எதிர்பார்க்கப்படும் தொழில் பெருகிவிடுதல் மற்றொன்று. ஓட்டைக் குடம் முதல் வகையைச் சார்ந்தது. இன்று பாடசாலை அலுமாரிகளிலும் அலுவலகக் களஞ்சிய அறைகளிலும் தூசி படிந்து கிடக்கும் மடிக்கணினிகள் பலவும் இரண்டாம் வகையைச் சார்ந்தவை. வாங்கிய நாளில் ஒரு செக்கனில் எத்தனை கணக்குகளைச் செய்தனவோ அத்தனையை அவை இன்றும் செய்யும். அவற்றின்மேல் ஏற்றப்படும் சுமையே மாறியுள்ளது.

இதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்றுண்டு. 2025 ஒக்ரோபர் 14ஆம் நாள் மைக்குறோசொவ்ற் நிறுவனம் விண்டோஸ் 10 எனும் பணிசெயல் முறைமைக்கு வழங்கிவந்த பொது ஆதரவை நிறுத்தியது. அடுத்த முறைமையாகிய விண்டோஸ் 11, ரி. பி. எம். 2.0 எனும் பாதுகாப்புச் சில்லையும், இன்ரெல் வகைக் கணினியாயின் 2017ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய எட்டாந் தலைமுறை முறைவழியாக்கியையோ அதற்குப் பிந்தியதையோ வேண்டிநிற்கின்றது. ஆகவே 2015இல் வாங்கிய மடிக்கணினியொன்று பழுதின்றி இயங்கினும் அம்முறைமையின் வாயிலில் நிறுத்தப்படுகின்றது. உலகெங்கும் 2022ஆம் ஆண்டில் மாத்திரம் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்கழிவு உண்டாயிற்று எனவும், அதில் 22.3 சதவீதமே முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டது எனவும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகின்றது. அந்நியச் செலாவணி நெருக்கடியை 2022இல் நேரிற் கண்ட நம் நாட்டில், இயங்கும் பொறியொன்றைக் கழிப்பதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

இத்தகைய கணினிகளுக்கு முழுத் தகுதியோடு செய்யத்தக்க தொழில் ஏதேனும் உண்டா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா. உண்டு என்பதும், லினக்ஸ் எனும் கட்டற்ற பணிசெயல் முறைமையை நிறுவி அமெச்சூர் வானொலியில் அவற்றைப் பயன்படுத்தலாம் என்பதும், அவ்வாறு பயன்படுத்துதல் கல்லூரி மாணவர்க்குச் சிறந்ததொரு பௌதிகவியற் பயிற்சியாகும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

அமெச்சூர்களும் கழிபொருளும்

ஊதியமோ வணிகமோ கருதாது, வானொலி அலைகளின் இயல்பை அறியும் ஆர்வத்தாலும், பிறரோடு தொடர்புகொள்ளும் விருப்பாலும், அரசின் உரிமம் பெற்றுச் சொந்த நிலையம் அமைத்து இயக்குவோரே அமெச்சூர் வானொலியாளர். ஒவ்வொரு நிலையத்துக்கும் உலகில் வேறெவர்க்குமில்லாத அழைப்புக் குறி ஒன்று உண்டு. இலங்கையின் அழைப்புக் குறிகள் 4எஸ்7 என்று தொடங்குவன. பிறர் வேண்டாமென ஒதுக்கியதை எடுத்துப் பயன்காணுதல் இவர்களிடத்துத் தொன்றுதொட்டு வரும் வழக்கம்.

1912ஆம் ஆண்டின் அமெரிக்க வானொலிச் சட்டம் அமெச்சூர்களை 200 மீற்றருக்கு மேற்படாத அலைநீளங்களுக்குள் ஒதுக்கிவைத்தது. நெடுந்தூரத் தொடர்புக்கு நீண்ட அலைகளே உகந்தவை, குறுகியவை பயனற்றவை என்பது அக்கால நிபுணர் பலரின் கருத்து. ஒதுக்கப்பட்டோர் அந்தப் பயனற்ற அலைகளைக்கொண்டே பரிசோதனை செய்தனர். 1923 நவெம்பரில், அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்திலிருந்து பிரெட் ஷ்னெல், ஜோன் றைனார்ட்ஸ் ஆகியோர் பிரான்சின் நீஸ் நகரிலிருந்த லியோன் டெலுவா என்பாருடன் சுமார் 110 மீற்றர் அலைநீளத்தில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து இருவழித் தொடர்பு கொண்டனர். சிற்றலையின் பெருமை அதன்பின்னரே உலகுக்குப் புலனாயிற்று. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், படைத்துறையினர் கழித்துவிட்ட பி. சி.-348 வாங்கி முதலிய கருவிகளை மலிவாக வாங்கித் திருத்தி நிலையம் அமைத்தோர் பலர். இற்றைநாட் பழைய மடிக்கணினி அவ்வரிசையில் அடுத்து வரும் பொருள்.

இரைச்சலினடியிற் சைகையைக் காணுதல்

வானொலிக்குக் கணினி எதற்கு எனச் சிலர் வினவலாம். குரலாலும் மோர்ஸ் குறிகளாலும் தொடர்பு கொள்வதற்குக் கணினி வேண்டியதில்லை. ஆனால் சைகை மிக மெலிந்து, காதுக்கு எட்டாதவாறு இரைச்சலினுள் மூழ்கியிருக்கும்போது, கணிதம் ஒன்றே அதனை வெளிக்கொணர வல்லது. கணிதத்தை விரைந்து செய்வது கணினி.

இத்துறையிற் பெரும்பங்கு ஜோசப் ரெயிலர் எனும் அமெரிக்க வானியலறிஞருக்கு உரியது. இவர் றஸ்ஸல் ஹல்ஸ் என்பாருடன் 1974இல் இரட்டைத் துடிப்பு விண்மீனைக் கண்டு, அதற்காக 1993இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர். அவர் அமெச்சூர் வானொலியாளரும் ஆவர். விண்மீனின் நலிந்த துடிப்பை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கும் வித்தைக்கும், நலிந்த வானொலிச் சைகையைப் பிரித்தெடுக்கும் வித்தைக்கும் அடிப்படை ஒன்றே. அவரும் ஸ்ரீவன் பிராங்க் என்பாரும் சேர்ந்து ஆக்கி 2017இல் வெளியிட்ட எவ். ரி. 8 எனும் முறை இன்று உலகெங்கும் பெருவழக்காயுள்ளது. அதனை இயக்கும் மென்பொருள் டபிள்யு. எஸ். ஜே. ரி.-எக்ஸ் எனப்படும். அது விலையின்றிக் கிடைப்பதோடு அதன் மூலநிரலும் யாவர்க்கும் திறந்திருக்கின்றது.

இம்முறையின் அமைப்பைச் சற்று விரிவாக நோக்குவோம். ஒரு செய்தியிலே அழைக்கப்படுபவர் குறி, அழைப்பவர் குறி, அழைப்பவர் இருக்குமிடம் என்பன அடங்கும். இவை 77 பிற்றுகளில், அஃதாவது 77 இரும இலக்கங்களில், அடக்கப்படுகின்றன. அழைப்புக் குறி ஒவ்வொன்றுக்கும் 28 பிற்று. இடத்துக்கு 15 பிற்று. எஞ்சியவை செய்தியின் வகையையும் பிற விவரங்களையும் காட்டுவன.

இடத்துக்கு 15 பிற்று போதுமானதை ஓர் எளிய கணக்கு விளக்கும். மேடன்ஹெட் முறை எனும் பகுப்பின்படி பூமி முழுவதும் நெடுங்கோட்டு வழியே 18, அகலக்கோட்டு வழியே 18 எனப் பெருங்கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பெருங்கட்டமும் மீண்டும் 10 × 10 சிறுகட்டங்களாகப் பிரிக்கப்படுகின்றது. 18 × 18 × 10 × 10 = 32,400. இரண்டின் 15ஆம் அடுக்கோ 32,768. ஆகவே உலகின் எல்லாக் கட்டங்களும் 15 பிற்றுகளுள் அடங்கிவிடுகின்றன. கிழக்கு நெடுங்கோடு 80 பாகை யாழ்ப்பாணக் குடாநாட்டை ஊடறுத்துச் செல்வதால், அதற்கு மேற்கேயுள்ள வட்டுக்கோட்டை எம்ஜே99 எனும் கட்டத்திலும், கிழக்கேயுள்ள நல்லூர் என்ஜே09 எனும் கட்டத்திலும் அமைந்திருத்தல் நம்மவர் அறியத்தக்கது.

இந்த 77 பிற்றுகளோடு பிழை காணுதற்காக 14 பிற்றுகளும், பிழை திருத்துதற்காக 83 பிற்றுகளும் சேர்க்கப்பட்டு 174 ஆகின்றன. எட்டு வேறுபட்ட தொனிகளுள் ஒன்றை ஒலித்தால் அது மூன்று பிற்றுகளை உணர்த்தும். ஆகவே 174ஐ 3ஆல் வகுக்க 58 தொனிகள். நேரத்தையும் மீடிறனையும் பொருத்திக்கொள்வதற்கு மேலும் 21 தொனிகள். ஆக 79. ஒவ்வொன்றும் 0.16 செக்கன் நீடிப்பதால் முழுச் செய்தியும் 12.64 செக்கனில் முடிகின்றது. 15 செக்கனுக்கு ஒருமுறை நிலையங்கள் மாறிமாறி அனுப்பும்.

பிழை திருத்தும் குறிமுறைக்கும் ஒரு வரலாறுண்டு. றொபேட் கலகர் என்பார் 1960இல் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற் சமர்ப்பித்த ஆய்வேட்டில் அதன் அடிப்படையை வகுத்தார். அக்காலக் கணினிகள் அதனை நடைமுறைப்படுத்தும் வலிமை பெறாமையால், அது பல்லாண்டு காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1990களில் மீளக் கண்டெடுக்கப்பட்ட பின்னரே பயன்பாட்டுக்கு வந்தது. ஆகவே அமெச்சூரின் மேசையில் இருக்கும் பழைய கணினி, ஒருகாலத்தில் ஏடுகளில் ஒதுக்கப்பட்ட கருத்தொன்றையே இயக்குகின்றது.

இவற்றின் விளைவு யாது? 2,500 ஹேட்ஸ் அகலமுள்ள வழமையான பேச்சுப் பட்டையில் உள்ள இரைச்சலோடு ஒப்பிடுகையில், 21 தெசிபெல் தாழ்ந்த சைகையையும், அஃதாவது இரைச்சல் வலுவில் ஏறத்தாழ 126இல் ஒரு பங்கேயான சைகையையும், இம்முறை வாசித்துவிடும். இது மாயமன்று. எவ். ரி. 8 சைகை அடைத்துக்கொள்ளும் அகலம் 50 ஹேட்ஸ் மாத்திரமே. ஆதலின் 2,500 ஹேட்ஸ் இரைச்சலில் ஐம்பதில் ஒரு பங்கோடு மட்டும் அது போட்டியிட வேண்டியுள்ளது. எஞ்சிய இடைவெளியைப் பிழைதிருத்தற் குறிமுறை நிரப்புகின்றது. 5 உவாற்று வலுவும், இரு பனைகளுக்கிடையே கட்டிய கம்பியும் கொண்ட நிலையத்தின் சைகை, அயன்மண்டலம் இடங்கொடுக்கும் வேளையில் ஐரோப்பாவை எட்டுதற்குக் காரணம் இதுவே.

எத்துணைக் கணக்கு வேண்டும்?

இவ்வளவும் செய்வதற்கு வலிய கணினி வேண்டுமெனத் தோன்றலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். வானொலிக் கருவியிலிருந்து வரும் ஒலியின் மாதிரிகளை இம்மென்பொருள் செக்கனுக்கு 12,000 வீதம் ஆராய்கின்றது. 15 செக்கனுக்கு 1,80,000 மாதிரிகள். மாதிரியொன்றுக்கு 2 பைற்று எனின் 3,60,000 பைற்று. சாதாரண ஒளிப்படமொன்று இதனினும் பன்மடங்கு பெரிதாகும். இம்மாதிரித் தொகுதியிலிருந்து மீடிறன்களைப் பிரித்தறிவதற்குப் பூரியே உருமாற்றம் கையாளப்படுகின்றது. 1965இல் கூலி, ரூக்கி ஆகியோர் வெளியிட்ட விரைவு முறையால் அக்கணக்கு மிகச் சுருங்கிவிட்டது.

உண்மையான சோதனை நேரத்தைப் பற்றியதே. சைகை, 15 செக்கன் கட்டத்தின் தொடக்கத்திலிருந்து அரைச் செக்கன் கழித்துத் தொடங்கி 13.14ஆம் செக்கனில் முடியும். அடுத்த கட்டம் தொடங்குவதற்கு எஞ்சுவது 1.86 செக்கன். அதற்குள் பட்டையிலுள்ள பல நிலையங்களின் செய்திகளையும் கணினி வாசித்து முடித்துவிட்டால், இயக்குபவர் உரிய நேரத்தில் மறுமொழி கூறலாம். மென்பொருளின் ஆக்கியோர் 1.5 கிகாஹேட்ஸ் வேக முறைவழியாக்கியும் 200 மெகாபைற்று வெற்று நினைவகமும் போதுமெனக் குறித்துள்ளனர். 2006இல் வெளிவந்த கோர் 2 டுவோ வகை முறைவழியாக்கியுள்ள மடிக்கணினிகள் பல இவ்வளவைக் கடந்தவை. பட்டை நெருக்கமாயிருக்கும் மாலைவேளையில் மெதுவான கணினி திணறினால், மென்பொருளிலேயே விரைவு, நடுத்தரம், ஆழம் எனும் மூன்று வாசிப்பு நிலைகளுள் விரைவு நிலையைத் தெரிந்துகொள்ளலாம். மிக மெலிந்த சில சைகைகள் தவறும், ஏனையவை கிட்டும்.

லினக்ஸ் ஏன்?

1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லீனஸ் தோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், பழைய வன்பொருளை எளிதிற் கைவிடாத இயல்புடையது. 1985இல் வெளிவந்த இன்ரெல் 386 எனும் முறைவழியாக்கிக்கான ஆதரவு 2013ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே நீக்கப்பட்டது. அன்றியும் அமெச்சூர்களுக்கும் லினக்ஸிற்கும் நெருங்கிய உறவுண்டு. அமெச்சூர்கள் வானலையிற் பொதிகளாகத் தரவு அனுப்பும் ஏ. எக்ஸ். 25 எனும் நெறிமுறை, 1990களில் லினக்ஸின் கருவிலேயே சேர்க்கப்பட்டது.

இவ்விரண்டுக்கும் கொள்கையளவிலும் ஓர் ஒற்றுமை காணப்படும். அமெச்சூர் நிலையங்கள் தம் செய்தியின் பொருளை மறைக்கும் நோக்கில் இரகசியக் குறிமுறையைக் கையாளலாகாது என்பது சர்வதேச வானொலி ஒழுங்குவிதி. லினக்ஸின் மூலநிரலோ விரும்பும் எவரும் வாசித்துத் திருத்தத் திறந்திருப்பது. ஒன்று வானிலும் மற்றொன்று கணினியிலும் மறைவின்மையை வேண்டுகின்றது. கருவியின் மூடியைத் திறந்து உள்ளமைப்பை அறிய விழைபவருக்கு இரண்டும் ஒருங்கே பொருந்துவன.

டெபியன் எனும் லினக்ஸ் வெளியீட்டின் களஞ்சியத்தில் அமெச்சூர்களுக்கு வேண்டிய மென்பொருள்கள் ஆயத்தமாகவே வைக்கப்பட்டுள்ளன. மேலே கூறியதைத் தவிர, எழுத்துவடிவிற் செய்தி பரிமாறும் எவ்எல்டிஜி, பொதிகளை வாசிக்கும் டைர்வுல்வ், வானொலிக் கருவியைக் கணினியிலிருந்து கட்டுப்படுத்தும் ஹம்லிப் என்பன அவற்றுட் சில. விலை கொடுக்க வேண்டியதில்லை.

செய்முறை

முதலாவது கணினியைத் தெரிவு செய்தல். 64 பிற்று முறைவழியாக்கி உடையதே நன்று. 2025 ஓகஸ்டில் வெளிவந்த டெபியன் 13இல், 32 பிற்றுக் கணினியில் நிறுவுவதற்குரிய வட்டு வழங்கப்படவில்லை. நினைவகம் 2 கிகாபைற்று இருப்பின் தொடங்கலாம். 4 இருப்பின் தாராளம். சுழலும் வன்தட்டை அகற்றித் திண்மநிலை வட்டொன்றைப் பொருத்தினால் பழைய கணினி புத்துயிர் பெற்றதுபோல் இயங்கும். மின்கலம் வீங்கியிருப்பின் அதனை உடனே அகற்றிவிடல் வேண்டும். இலிதியம் மின்கலம் தீப்பற்றவல்லது. மின்கலமின்றியும் பெரும்பாலான மடிக்கணினிகள் மின்னிணைப்பில் இயங்கும்.

இரண்டாவது நிறுவுதல். லினக்ஸை ஒரு சிறிய யூ. எஸ். பி. நினைவகத்திற் பதிந்து, கணினியின் வட்டைத் தொடாமலே அதிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். திரை, விசைப்பலகை, ஒலி, கம்பியில்லா வலையிணைப்பு ஆகியன செவ்வனே இயங்குகின்றனவா எனச் சோதித்தபின் நிறுவுதல் அறிவுடைமை. எக்ஸ்எவ்சிஈ, எல்எக்ஸ்கியூரி போன்ற எளிய மேசைத்தளங்களைத் தெரிவு செய்தால் நினைவகம் மிஞ்சும்.

மூன்றாவது வானொலிக் கருவியோடு இணைத்தல். பழைய மடிக்கணினியில் ஒலிவாங்கிக்கும் செவிப்பொறிக்கும் தனித்தனித் துளைகள் இருத்தல் ஈண்டு நன்மையாகின்றது. வானொலியின் ஒலி வெளியீடு ஒலிவாங்கித் துளைக்கு மிகப் பலமானது. 10 கிலோ ஓம், 100 ஓம் எனும் இரு தடையிகளால் அழுத்தத்தைப் பிரித்தால் அது ஏறத்தாழ நூறிலொரு பங்காகும். இரு கருவிகளின் நிலத்தொடுப்புகள் நேரே இணைவதால் எழும் முரலொலியைத் தடுக்க, ஒன்றுக்கொன்று சுற்றுவிகிதமுள்ள 600 ஓம் ஒலி நிலைமாற்றியொன்றை இடையில் வைத்தல் வேண்டும். அனுப்புதலைத் தொடக்கி நிறுத்துவதற்குப் பழைய கணினிகளிற் காணப்படும் ஒன்பது ஊசித் தொடர்வாயில் பயன்படும். அதன் ஓர் ஊசியின் அழுத்தம் ஒளியிணைப்பியொன்றின் வாயிலாக வானொலியின் அனுப்பு ஆளியை இயக்கும். தொடர்வாயிலைத் தொடும் உரிமை லினக்ஸில் எல்லாப் பயனருக்கும் தொடக்கத்திலேயே கிட்டுவதன்று. டயல்அவுட் எனும் குழுவிற் பயனரைச் சேர்த்தல் வேண்டும். புதியவர்கள் பலர் தடுக்கி விழும் படி இது.

நான்காவது கடிகாரம். மேற்கூறிய பதினைந்து செக்கன் ஒழுங்கில், கணினியின் நேரம் இரண்டு செக்கனுக்கு மேற் பிசகினால் ஒன்றும் வாசிக்கப்படாது. பழைய கணினியில் உள்ளிருக்கும் நாணய வடிவ மின்கலம் தளர்ந்திருத்தல் வழமை, அதனை மாற்றுக. இணைய இணைப்பு இருப்பின் லினக்ஸ் தானே நேரத்தைத் திருத்திக்கொள்ளும். இல்லாதவிடத்துச் செய்மதிவழி இடங்காட்டும் சிறு கருவி உதவும். வாசிக்கப்படும் ஒவ்வொரு செய்தியோடும் அதன் நேர வேறுபாட்டையும் மென்பொருள் காட்டுகின்றது. பெரும்பாலான நிலையங்கள் ஒரே அளவு முந்தியோ பிந்தியோ தோன்றின், பிசகு நம் கடிகாரத்தினதே என்று துணியலாம்.

ஐந்தாவது இரைச்சல். மடிக்கணினியின் மின்வழங்கி ஆளிமுறையில் இயங்குவதாகையால் சிற்றலையிற் கடும் இரைச்சலை எழுப்பக்கூடும். வானொலியைக் கேட்டுக்கொண்டே மின்வழங்கியின் செருகியைக் கழற்றி, சில நிமிடம் மின்கலத்தில் இயக்கிப் பார்த்தால் குற்றவாளி எதுவெனத் தெரிந்துவிடும். கம்பியை பெரைற்று வளையத்திற் சில சுற்றுச் சுற்றுதல் பெரும்பாலும் பயன்தரும்.

ஏரியலுக்குப் பெருஞ்செலவில்லை. எவ். ரி. 8 வழங்கும் 14.074 மெகாஹேட்ஸ் மீடிறனுக்கு அரையலை நீளம் 10.66 மீற்றர். கம்பியின் முனை விளைவுக்காக ஐந்து சதவீதம் குறைக்க ஏறத்தாழ 10.1 மீற்றர். அந்நீளச் செப்புக் கம்பியை நடுவில் வெட்டி ஊட்டுகம்பியை இணைப்பின் இருமுனை ஏரியல் ஆயிற்று. அனுப்பும்போது கருவியின் உச்ச வலுவிற் பாதியே கொள்க. குரலைப் போலன்றி இத்தொனிகள் இடையறாது ஒலிப்பதால் கருவி சூடேறும்.

எல்லைகள்

பழைய கணினி எல்லாம் செய்யுமெனக் கூறுதல் பொருந்தாது. 2012ஆம் ஆண்டளவில், தொலைக்காட்சி வாங்குவதற்கென விற்கப்பட்ட மலிவான யூ. எஸ். பி. செருகியொன்றைப் பல மீடிறன்களையும் வாங்கும் மென்பொருள் வானொலியாக மாற்றலாம் எனக் கண்டறியப்பட்டது. அது செக்கனுக்கு 24 இலட்சம் மாதிரிகளைத் தரும். மாதிரிக்கு 2 பைற்று எனின் செக்கனுக்கு 48 இலட்சம் பைற்று. எவ். ரி. 8இன் ஒலியோ செக்கனுக்கு 24,000 பைற்று. முன்னையது இருநூறு மடங்கு. அகன்ற பட்டையைத் திரையில் வரைந்து காட்டும் வேலை, பழைய கணினியைத் திணறச் செய்யும். ஆயினும் மாதிரி வேகத்தைக் குறைத்து, திரைச் சித்திரமின்றி 145.825 மெகாஹேட்ஸில் மட்டும் செவிமடுத்து, சர்வதேச விண்வெளி நிலையத்தின் பொதிநிலையம் இயங்கும் வேளைகளில் அதனை டைர்வுல்வ் கொண்டு வாசித்தல் இயலும்.

மின்செலவும் கருதற்பாலது. பழைய மடிக்கணினி 20 முதல் 40 உவாற்று வரை உண்ணும். றாஸ்பெரி பை போன்ற சிறு கணினி சில உவாற்றுகளிலேயே இயங்கும். சூரிய ஒளிப் பலகையை நம்பி இரவும் பகலும் இயங்கும் நிலையத்துக்குப் பின்னையதே ஏற்றது. ஆனால் அதற்குத் திரை, விசைப்பலகை, ஒலியட்டை, மின்கலம் என்பன தனித்தனி வாங்கவேண்டும். மடிக்கணினியில் இவை நான்கும் ஏலவே ஒருங்கிருக்கின்றன. விலையும் முன்னரே செலுத்தப்பட்டுவிட்டது.

இடர்காலப் பயன் பற்றியும் தெளிவு வேண்டும். 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபோது, அந்தமானின் போட் பிளேயர் நகரில் அமெச்சூர் வானொலிப் பணிக்காகத் தங்கியிருந்த இந்தியரான பாரதி பிரசாத், தம் நிலையத்தின் வாயிலாக வெளியுலகுக்குச் செய்தி அனுப்பினார். இலங்கையிலும் அம்பாந்தோட்டைக்குச் சென்ற அமெச்சூர்கள் சிற்றலையிற் கொழும்போடு தொடர்பேற்படுத்தினர். 2025 நவெம்பர் இறுதியில் டித்வாப் புயலின்போது பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் தடைப்பட்டதை நாம் கண்டோம். இத்தகைய வேளையில் எவ். ரி. 8 அதிகம் உதவாது. ஒரு தடவையில் 13 எழுத்துகளையே அதிற் சுயமாக எழுதலாம். நிவாரணப் பொருட்களின் பட்டியலையோ காணாமற்போனோர் பெயரையோ அனுப்புதற்கு எவ்எல்டிஜி போன்ற எழுத்துமுறைகளே தகுந்தவை. ஒரே பழைய கணினி இரண்டையும் இயக்கும் என்பதே அதன் சிறப்பு. ஆனால் பயிற்சி இடருக்கு முன்னரே வேண்டும்.

கல்லூரி செய்யக்கூடியது

வானலையில் அனுப்புதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் இன்றியமையாதது. தேர்வெழுதி உரிமம் பெறும்வரை மாணவர் வாளாவிருக்க வேண்டியதில்லை; வாங்குதலோடு தொடங்கலாம். ஒற்றைப் பக்கப்பட்டை முறையை வாங்கவல்ல சிற்றலைக் கருவியொன்று, பத்து மீற்றர் கம்பி, அலுமாரியிலிருந்து எடுத்த மடிக்கணினி ஆகிய மூன்றும் தொடக்கத்துக்குப் போதும். எந்த நேரத்தில் எந்தத் திசை நாடுகள் வாசிக்கப்படுகின்றன என்பதைக் கணினியே பதிந்துவைக்கும்.

அப்பதிவு வெறும் பொழுதுபோக்கன்று. பூமியின் காந்த மத்தியகோடு நம் தீவை அண்டிச் செல்வதால், இங்குள்ள அயன்மண்டலத்தின் நடத்தை பிற இடங்களினின்றும் வேறுபட்டது. சூரியனின் ஏறத்தாழ பதினோராண்டுச் சுழற்சி 2024இல் உச்சத்தை அடைந்து இறங்கத் தொடங்கியுள்ளது. இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் மாணவன் உயர்தரம் முடிக்கும் வரைக்கும், அச்சுழற்சியின் மாற்றத்தை நாள்தோறும் பதிவுசெய்யும் வாய்ப்பு ஒவ்வொரு கல்லூரிக்கும் உண்டு. அலைகளின் தெறிப்பு, முறிவு, மடக்கை அளவான தெசிபெல், இரும எண்கள், நிகழ்தகவு என்று பாடநூலிற் பிரிந்து கிடப்பவை அம்மேசையில் ஒன்றுகூடும்.

இதற்கு மேலும் ஒன்று கூறல் வேண்டும். இன்றைய மாணவர் கணினியைப் பயன்படுத்துவதில் நம்மினும் வல்லவர். ஆயினும் மூடிய கருவியை ஆண்டு, அது மெதுவானதும் அடுத்ததை வாங்குவதே அவர்கள் கண்ட வழக்கம். கழிக்கப்பட்டதொன்றைத் தானே திறந்து, வட்டை மாற்றி, முறைமையை நிறுவி, தடையிகளைப் பற்றவைத்து, அதன் திரையிலே தொலைதூர நிலையமொன்றின் குறி தோன்றக் காணும் மாணவன், பாவனையாளன் என்னும் நிலையிலிருந்து கருவியை அறிந்தவன் என்னும் நிலைக்கு உயர்கின்றான்.

ஆகவே பழைய மாணவர்கள் தம் அலுவலகங்களிற் கழிக்கவிருக்கும் மடிக்கணினிகளை, அவற்றிலுள்ள தரவுகளை முற்றாக அழித்தபின், கல்லூரிக்கு வழங்குவாராக. அவர்களுள் அமெச்சூர் உரிமமுடையோர் மாதமொருமுறை மாணவரோடு ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுவாராக. விஞ்ஞான மன்றத்தினர் ஐந்து கணினிகளைத் தெரிந்தெடுத்து ஒன்றிலேனும் இத்தவணைக்குள் லினக்ஸை நிறுவி, கம்பியொன்றைக் கட்டி, கேட்ட நிலையங்களின் பட்டியலை அடுத்த ஆண்டு மலருக்குத் தருவாராக.